கேளுங்கள், சொல்கிறேன்: ஐந்தாம் இடத்துச் சம்பியன்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, “2004-05 லிவர்பூலைப் போல ஓர் அணியை அதற்குப் பிறகு நான் நேசித்ததில்லை. ஆனால் அந்த இறுதிப் போட்டியின் நடுவிலேயே எழுந்து போய்விட்டேன்” என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த முறை வேறு எதுவும் இல்லை, இங்கிலாந்தின் உதைபந்துக் கழகமான லிவர்பூல் மட்டும்தான். அந்த இறுதிப் போட்டி என்றது, ஐரோப்பாவின் சம்பியன் யார் என்று தீர்மானிக்கிற சம்பியன்ஸ் லீக்கின் இறுதி. 2005 மே மாதம் இஸ்தான்புல் நகரில் இத்தாலியின் மிலான் அணியோடு நடந்தது.

அந்த வருடம் லிவர்பூல் லீக்கில் ஐந்தாம் இடம் என்று படித்தேன். சொந்த நாட்டிலேயே ஐந்தாவதாக வந்த அணி எப்படி ஐரோப்பாவுக்கே சம்பியன் ஆகும்?
*– தரம் 10 மாணவன், பொகவந்தலாவை*

படித்தது சரிதான் தம்பி. 38 ஆட்டம், 17 வெற்றி, 7 சமநிலை, 14 தோல்வி. மொத்தம் 58 புள்ளி. சம்பியனான செல்சி எடுத்தது 95. இடைவெளி 37 புள்ளி! அதைவிட வலித்தது, அதே ஊர்க்காரர்களான எவர்ட்டன் 61 புள்ளியோடு ஓர் இடம் மேலே நின்றதுதான்.

இங்கிலாந்தின் பெரிய கழகம் ஒரே சீசனில் நான்கு போட்டித் தொடர்களில் ஆடும். லீக் ஓகஸ்டில் தொடங்கி மே வரை போகும். 20 அணிகளும் ஒவ்வொன்றோடும் இரண்டு தடவை மோத வேண்டும். எஃப்ஏ கிண்ணமும் லீக் கிண்ணமும் தோற்றால் வீட்டுக்குப் போகிற வகை. நான்காவது ஐரோப்பா. சம்பியன்ஸ் லீக்கில் ஆட, முந்தைய சீசனில் எத்தனையாவதாக வந்தாய் என்றுதான் பார்ப்பார்கள். லிவர்பூல் அதற்கு முந்தைய வருடம் நான்காவது. அதனால் ஓகஸ்டில் ஒஸ்திரியாவின் கிராஸ் அணியோடு தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ளேயே போனார்கள். அங்கே 2-0 என்று வென்றுவிட்டு, சொந்த மைதானத்தில் 0-1 என்று தோற்று, ஒரு கோல் வித்தியாசத்தில் தப்பினார்கள்.

நம் தோட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்வது லேசு. லீக் என்பது செக்ரோல், தோட்டத்து வரவுப் புத்தகம். மழையோ வெயிலோ தினமும் மலைக்குப் போய்ப் பேர் போட வேண்டும். அந்த வருடம் லிவர்பூலுக்குப் பாதி நாள் அரைப்பேர்தான் (அரை நாள் கணக்கு) விழுந்தது. சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 19 ஆட்டத்தில் 3 தோல்வி மட்டும். வெளியே போன 19இல் 11 தோல்வி. ஐரோப்பாவில் கணக்கு வேறு. அங்கே குழுச் சுற்றைத் தாண்டினால், இறுதி வரும்வரை ஓர் எதிரணியோடு இரண்டு ஆட்டம், இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். வெளியே போய் கோல் வாங்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்தால் போதும், மீதியை ஆன்ஃபீல்டில் முடித்துக்கொள்ளலாம். பயிற்றுநர் பெனிடெஸ் அந்த வேலையில் கைதேர்ந்தவர். ஜுவென்டஸ் மைதானத்தில் 0-0, செல்சி மைதானத்தில் 0-0, ஆன்ஃபீல்டில் செல்சிக்கு எதிராக 1-0. தொடர்ந்து 270 நிமிடம் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஜுவென்டஸ் அந்த வருடம் இத்தாலியின் முதல் அணி, செல்சி இங்கிலாந்தின் முதல் அணி. அவர்களை நிறுத்தியதை அதிர்ஷ்டம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

மைக்கல் ஓவனை விற்காமல் இருந்திருந்தால் லீக்கிலும் மேலே வந்திருப்பார்கள் அல்லவா? பெனிடெஸ் வாரா வாரம் ஆட்களை மாற்றியதும் தப்புத்தானே?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை*

ஐயா, ஓவன் போன அன்று நானும் கவலைப்பட்டேன். 2004 ஓகஸ்டில் அந்த முன்கள வீரரை ரியல் மட்ரிட்டுக்குக் கொடுத்துவிட்டு, பணத்தோடு அன்டோனியோ நூனியெஸ் என்ற ஆளையும் சேர்த்து வாங்கினார்கள். ஆனால் அதே மாதம் ஷாபி அலோன்சோவும் லூயிஸ் கார்சியாவும் வந்து சேர்ந்தார்கள். அலோன்சோ பந்தைக் கொடுக்கிற விதத்தைப் பார்த்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் வேறு ஜாதி ஆட்டக்காரன் என்று.

லீக்கைக் கெடுத்தது ஓவன் போனது இல்லை, காயங்கள். செப்டம்பரில் மன்செஸ்டர் யுனைட்டட்டோடு ஆடும்போது தலைவர் ஜெரார்டுக்குப் பாத எலும்பு முறிந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி பிளாக்பர்னில் முன்கள வீரர் சிசேயின் கால் முறிந்தது. புதுவருடத்தன்று செல்சியோடு அலோன்சோவின் கணுக்கால். ஜனவரியில் வாங்கிய மொரியென்டெஸ் அந்த சீசனில் ஏற்கெனவே ரியல் மட்ரிட்டுக்காக ஐரோப்பாவில் ஆடியிருந்ததால், சம்பியன்ஸ் லீக்கில் இறக்கவே முடியாது. இந்த நிலையில் மொத்தம் 60 ஆட்டம். பெனிடெஸ் ஆட்களை மாற்றாமல் என்ன செய்வார்?

ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது சரி. எஃப்ஏ கிண்ணத்தில் பர்ன்லியோடு சின்னப் பையன்களை இறக்கியது தப்பு. அதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பர்ன்லி இரண்டாம் பிரிவு அணி. அந்த ஆட்டத்தைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பேச வேண்டியிருக்கிறது.

இஸ்தான்புல் இறுதிப் போட்டிதான் லிவர்பூல் சரித்திரத்திலேயே பெரிய ஆட்டமா?
*– வாசகர், ஹட்டன்*

கிண்ணம் கிடைத்த இரவு அது. ஆனால் டிசம்பர் 8 இல்லாவிட்டால் இஸ்தான்புல் இல்லை.

குழுச் சுற்றின் கடைசி ஆட்டம், ஆன்ஃபீல்டில், கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸோடு. 1-0 என்று வெல்ல வேண்டும், ஒரு கோல் வாங்கிவிட்டால் இரண்டு கோல் வித்தியாசம் வேண்டும் என்ற நிலை. 26ஆவது நிமிடத்தில் அவர்களின் ரிவால்டோ ஃப்ரீகிக்கில் கோல் அடித்துவிட்டார். இனி மூன்று கோல் அடிக்க வேண்டும். இடைவேளைக்குப் பிறகு சினாமா பொங்கொல் ஒன்று. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. 81இல் நீல் மெல்லர் என்ற பையன் இரண்டாவதை அடித்தான். இன்னும் ஒன்று. 86ஆவது நிமிடம் கராகர் உள்ளே தூக்கிக் கொடுக்க, மெல்லர் தலையால் பின்னுக்குத் தட்டிவிட, அந்தப் பந்து தரையில் ஒரு முறை எழும்பி இறங்கும் நேரத்தில் ஜெரார்ட் ஓடிவந்து அடித்த அடி! இருபது யார் தூரத்துக்கு மேலே. வலை உப்பியதைப் பார்த்து தோட்டத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் வீட்டில் நாங்கள் போட்ட சத்தத்தில் அடுத்த குவாட்டர்ஸில் விளக்கு எரிந்தது. நேரம் விடிகாலை மூன்றரை தாண்டியிருந்தது.

இரண்டு அணிக்கும் 10 புள்ளி. அந்த மூன்றாவது கோல் இல்லையென்றால் லிவர்பூல் அந்த இரவோடு சம்பியன்ஸ் லீக்கை விட்டு வெளியே. எனக்கு ஒரே ஒரு ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கக் கொடுத்தால் அதைத்தான் கேட்பேன்.

அந்த வருடம்தான் சுனாமி வந்தது. அந்த நாளில் லிவர்பூல் ஆடியதா? உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?
*– வாசகி, மஸ்கெலியா*

இருக்கிறது அம்மா. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வெஸ்ட் ப்ரொம்விச் மைதானத்தில் 5-0. வெளியே போய் அந்த சீசனில் அவர்கள் ஆடிய ஆட்டங்களில் அது ஒன்று நல்ல ஆட்டம் என்று பிறகு படித்தேன்.

என் அக்கா கல்யாணம் முடித்துப் போனது மட்டக்களப்புப் பக்கம். காலையிலிருந்து போன் எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை. இரவு பிபிசியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இறந்தவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு செய்திக்கும் கூடிக்கொண்டே போனது. அதற்கு நடுவே விளையாட்டுச் செய்தியில் அந்த 5-0 வந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வானொலியின் முள்ளைத் திருப்பவில்லை, அடுத்த செய்தியில் ஏதாவது ஊர்ப் பேர் சொல்வார்களா என்று அப்படியே விட்டேன். அக்கா மூன்றாம் நாள் பேசினாள். வீடு போயிருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். தோட்டத்தில் லயத்துக்கு லயம் அரிசியும் துணியும் சேர்த்து லொறியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் எட்டுப் பேர் போனோம். அந்த ஆட்டத்தின் கோல்களை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

ஜுவென்டஸ் ஆட்டத்தில் லிவர்பூல் ரசிகர்கள் அட்டைகளைத் தூக்கி ஏதோ எழுத்து காட்டினார்களாம். என்ன அது?
*– வாசகர், தலவாக்கலை*

“அமிச்சீட்சியா”. இத்தாலிய மொழியில் நட்பு என்று பொருள்.

1985 மே 29இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் இந்த இரண்டு அணிகளும் ஐரோப்பியக் கிண்ண இறுதிக்கு வந்தன. ஆட்டம் தொடங்குவதற்கு முன் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில், ஒதுங்கிய கூட்டம் நெருக்குண்டு மதில் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இத்தாலியர்கள். ஆங்கிலக் கழகங்களை ஐந்து வருடமும், லிவர்பூலை ஆறு வருடமும் ஐரோப்பாவில் ஆடவிடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு அணியும் முதன்முதலாக மோதியது 2005 ஏப்ரல் 5இல்தான். ஆன்ஃபீல்டில் அட்டை தூக்கியபோது ஜுவென்டஸ் ரசிகர்கள் சிலர் கைதட்டினார்கள், சிலர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். முதுகு காட்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவரை இழந்தவனுக்கு இருபது வருடம் ஒரு காலமா?

ஆட்டம் 2-1. ஹுப்பியா ஒன்று, லூயிஸ் கார்சியா ஒன்று.

அரையிறுதியில் செல்சிக்கு எதிராக லூயிஸ் கார்சியா அடித்தது உண்மையில் கோலா?
*– செல்சி ரசிகன், நுவரெலியா*

நாலாவது நிமிடம். வில்லியம் கல்லாஸ் பந்தை வெளியே அடித்தபோது அது கோட்டை முழுதாகத் தாண்டியதா என்று எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் என் கண்ணுக்குத் தெளிவில்லை. அன்று கோட்டைப் பார்க்கும் கமராவும் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு கணம் முன்னால் செல்சி கோல்காப்பாளர் பீட்டர் செக், லிவர்பூல் முன்கள வீரர் பரோஷை இடித்து வீழ்த்தினார். கோல் கொடுத்திருக்காவிட்டால் பெனால்டியும் சிவப்பு அட்டையும் கொடுத்திருப்பேன் என்று நடுவர் பின்னாளில் சொன்னார். செல்சிக்கு எது நல்லது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள் தம்பி.

அவ்வளவு நேசித்த அணி என்கிறீர்கள். இறுதிப் போட்டியின் நடுவில் ஏன் எழுந்து போனீர்கள்? மூன்று கோல் வாங்கியதால் மனம் விட்டுப்போச்சா?
*– வாசகி, கொட்டகலை*

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். மனம் விட்டுப்போகவில்லை அம்மா. கொழுந்து காத்திருந்தது.

அப்போது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உதவி டீமேக்கராக இருந்தேன். மே மாதக் கடைசி. வெசாக் முடிந்த வாரம், டவுனில் கூடுகளைக்கூட இன்னும் இறக்கவில்லை. தென்மேற்கு மழை பிடித்துவிட்டது. அன்று மலையிலிருந்து வந்தது முழுவதும் ஈரக் கொழுந்து. வெயில் நாள் கொழுந்து என்றால் தட்டில் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம். ஈரக் கொழுந்துக்கு அது நடக்காது. முதலில் வெறும் காற்றில் மேல் தண்ணீர் போக வேண்டும், அப்புறம்தான் சூடு. அவசரப்பட்டுச் சூட்டைக் கொடுத்தால் இலை ஓரம் கருகும், தண்டு பச்சையாகவே நிற்கும். அப்படிப்பட்ட கொழுந்தை ரோலரில் போட்டால் நொறுங்கிப்போகும். தூளில் நிறமும் இருக்காது, மணமும் இருக்காது. எத்தனை பேர் மழையில் நனைந்து பறித்தது அது. முதல் ரோலர் இரண்டு மணிக்கு ஓட வேண்டும் என்பது டீமேக்கர் ஐயாவின் கணக்கு.

ஆட்டம் தொடங்கியது நம் நேரம் 12.45க்கு. (அந்த நாட்களில் நம் கடிகாரம் இந்தியாவைவிட அரை மணி முன்னால் ஓடியது. 2006 ஏப்ரலில்தான் மாற்றினார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது.) டிஷ் இருந்தது எலக்ட்ரீஷியன் அண்ணன் குவாட்டர்ஸில், ஸ்டோரிலிருந்து இரண்டு நிமிட நடை. பத்து வயது என் மகனும் வந்திருந்தான். உட்கார்ந்து கம்பளியைப் போர்த்துவதற்குள் மிலானின் மால்டினி அடித்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஹாரி கியூவல் காயப்பட்டு வெளியே போனார். காக்கா என்கிற பிரேசில்காரன் எங்கள் நடுப்பகுதியை இஷ்டப்படி கடந்து போய்க்கொண்டிருந்தான். 39இல் கிரெஸ்போ. 44இல் மறுபடி கிரெஸ்போ. அந்த மூன்றாவது கோலுக்குக் காக்கா அனுப்பிய பந்து இருக்கிறதே, எதிரணியாக இருந்தாலும் சொல்ல வேண்டும், அதைவிட அழகான பாஸை நான் பார்த்ததில்லை. 0-3.

ஒருவரும் பேசவில்லை. மணி ஒன்றரை. நான் எழுந்தேன். மகன் அழுதுகொண்டிருந்தான். “நீ இருந்து பாரு, ஏதாவது நடந்தா வந்து சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மேல்மாடியில் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். வாட்டு, அதாவது கொழுந்து வாடிய பதம், சரியா என்பதைக் கைதான் சொல்லும். ஒரு பிடி அள்ளி இறுக்கமாகப் பிசைந்து, கையை விரிக்க வேண்டும். பந்து போல உருண்டு நின்று, மெதுவாக, தூக்கத்திலிருந்து எழும்புகிற மாதிரி இதழ் இதழாக விரிய வேண்டும். சட்டென்று விரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். தண்டை மடித்தால் ஒடியக் கூடாது. மூக்கில் பச்சை வாடை போய் ஒரு பழ வாசனை வர வேண்டும். மூன்றாவது தட்டில் நின்று பிடியை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மரப்படியில் தடதடவென்று சத்தம். மகன், சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறான். “அப்பா, ஜெரார்ட் ஒண்ணு அடிச்சிட்டான், தலையால!”

அவன் இதைச் சொல்ல ஓடிவந்த நேரத்தில் அங்கே ஸ்மிட்சர் தூரத்திலிருந்து இரண்டாவதை அடித்துவிட்டார். எங்கள் இருவருக்கும் தெரியாது. அவன் திரும்பி ஓடிப்போய்க் கதவைத் திறக்கும்போது பெனால்டி. அலோன்சோ அடித்ததை மிலான் கோல்காப்பாளர் டிடா தடுத்தார், திரும்பி வந்த பந்தை அலோன்சோவே மேலே தூக்கி உள்ளே போட்டார். 54, 56, 60. ஆறு நிமிடத்தில் மூன்று கோல். குவாட்டர்ஸ் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது. மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. ரோலர்காரர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொழுந்தை இறக்கச் சொன்னேன்.

முதல் ரோலர் சுற்றத் தொடங்கிய பிறகு டீமேக்கர் ஐயா வந்தார். அவருக்கு உதைபந்து தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போங்க தம்பி, நான் பார்த்துக்கிறேன்” என்றார். ஓடினேன். நான் கதவைத் திறந்தபோது திரையில் முதலில் பார்த்தது எங்கள் பின்கள வீரர் ட்ராவோரே. மிலானின் ஷெவ்சென்கோ அடித்த பந்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோதும் ஸ்கோர் எனக்குத் தெரியாது. மகன்தான் விரலைக் காட்டினான். மூணுக்கு மூணு.

இடைவேளையில் உள்ளே வந்த ஹமான்தான் ஆட்டத்தை மாற்றியவர் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சரிதான். அவர் காக்காவின் பாதையில் போய் நின்றதும் ஜெரார்டுக்கு முன்னால் போக வழி கிடைத்தது. மேலதிக நேரத்தில் கராகருக்குக் கால் இரண்டும் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து எழும்பினார். 117ஆவது நிமிடம் ஷெவ்சென்கோ தலையால் தட்டியதை எங்கள் கோல்காப்பாளர் டுடெக் தடுத்தார். பந்து திரும்பி ஷெவ்சென்கோவின் காலுக்கே வந்தது, கோல் இரண்டு எட்டுத் தூரத்தில். அடித்தார். விழுந்து கிடந்த டுடெக்கின் கை எப்படி எழும்பியதோ, பந்து மேலே போனது. அந்த நேரத்தில்தான் எனக்கு இது நம் கிண்ணம் என்று தோன்றியது.

பெனால்டிக்கு முன் கராகர் டுடெக்கைப் பிடித்து உலுக்கி, 1984இல் ரோமில் நடந்த இறுதியில் அன்றைய லிவர்பூல் கோல்காப்பாளர் க்ரொபெலார் காலை ஆட்டி ஆட்டி எதிரணியைக் குழப்பியதை ஞாபகப்படுத்தினாராம். டுடெக்கும் கோட்டில் நின்று ஆடினார். சேர்ஜினியோ மேலே அடித்தார். பிர்லோ அடித்ததை டுடெக் தடுத்தார். கடைசியில் ஷெவ்சென்கோ, அதையும் தடுத்தார். 3-2. 1984க்குப் பிறகு முதல் தடவை, மொத்தத்தில் ஐந்தாவது. ஐந்து தடவை வென்றவர்கள் கிண்ணத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற அன்றைய விதிப்படி அந்தக் கிண்ணம் லிவர்பூலுக்கே சொந்தமானது.

மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டில் விட்டுவிட்டு ஸ்டோருக்குத் திரும்பினேன். காலையில் டீமேக்கர் ஐயா அந்த இரவுத் தூளை ஊற்றிச் சுவை பார்த்தார். வாயில் இழுத்து, துப்பி, கோப்பையைச் சாய்த்து நிறத்தைப் பார்த்தார். “வாட்டுச் சரியா இருக்கு” என்றார். அந்த ஆறு நிமிடத்தைப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அன்று பார்க்காததில் எனக்குக் குறை இல்லை.

ஐந்தாம் இடம் வந்தவர்கள் அடுத்த வருடம் ஐரோப்பாவில் ஆடினார்களா?
*– வாசகர், அப்புத்தளை*

ஆடினார்கள், ஆனால் அடிவாசலிலிருந்து. விதிப்படி நான்காம் இடத்து எவர்ட்டனுக்குத்தான் இடம். ஐரோப்பியச் சங்கம் யோசித்து, சம்பியனுக்குத் தனியாக ஓர் இடம் கொடுத்து, முதலாம் தகுதிச் சுற்றில் போட்டது. இஸ்தான்புல் முடிந்து ஏழு வாரத்தில், ஜூலை மாதமே, வேல்ஸ் நாட்டின் ஒரு சின்ன அணியோடு ஆட வேண்டியதாயிற்று. இரண்டு ஆட்டமும் 3-0. அதற்குப் பிறகு, கிண்ணம் வென்றவர் அடுத்த வருடம் நேரே உள்ளே வரலாம் என்று விதியையே மாற்றினார்கள்.

என் மகன் இரவு ஒன்றரை மணிக்கு எழும்பி மேட்ச் பார்க்கிறான். ஓ.எல். பரீட்சை வருகிறது. நீங்கள் வேறு இப்படியெல்லாம் எழுதுகிறீர்கள். என்ன செய்வது?
*– ஒரு தாய், நானுஓயா*

பரீட்சை முடியும்வரை வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள் தங்கச்சி. காலையில் எழும்பி கோல்களை மட்டும் பார்க்கட்டும், இப்போது போனிலேயே வருகிறது. ஆனால் இறுதிப் போட்டி வாரக் கடைசியில் வைக்கிறார்கள், அதை மட்டும் தடுக்காதீர்கள். முடிந்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

ஹட்டன் டன்பார் மைதானத்தில் தோட்ட அணிகளுக்கிடையே நடந்த போட்டியில் நான் பின்களத்தில் ஆடினேன். என் காலில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே பந்து போனது. 1-0 என்று தோற்றோம். பையன்கள் கேலி செய்கிறார்கள். மூன்று மாதமாக நான் மைதானத்துக்குப் போகவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*– பெயர் வேண்டாம், நோர்வூட்*

தம்பி, உன் கடிதத்தைக் கடைசிக்கு வைத்தது காரணமாகத்தான்.

2005 ஜனவரி 18, பர்ன்லி. எஃப்ஏ கிண்ண மூன்றாம் சுற்று. சொந்தக் கோலுக்கு முன்னால் ஒரு பந்து வருகிறது, ஆபத்து ஒன்றும் இல்லை. லிவர்பூலின் இடது பின்கள வீரர் ஜிமி ட்ராவோரே அதை அடித்து வெளியே அனுப்பாமல், காலடியால் பின்னுக்கு இழுத்துத் திரும்பப் பார்த்தார். பந்து உருண்டு கோலுக்குள் போய்விட்டது. 0-1. ஐரோப்பாவில் ஆடும் கழகம் இரண்டாம் பிரிவு அணியிடம் தோற்று வெளியே. நாடு முழுக்கச் சிரித்தது.

அந்த சீசனில் அவர் மட்டும் இல்லை. பெப்ரவரி 27இல் கார்டிஃப் நகரில் லீக் கிண்ண இறுதி, செல்சியோடு. முதல் நிமிடத்திலேயே ரீசா அடித்து லிவர்பூல் முன்னால் நின்றது. 79ஆவது நிமிடத்தில் வந்த ஃப்ரீகிக் ஜெரார்டின் தலையில் பட்டுச் சொந்தக் கோலுக்குள் போனது. மேலதிக நேரத்தில் 2-3 என்று தோல்வி. தலைவரே, இறுதிப் போட்டியிலேயே!

இப்போது இஸ்தான்புல்லுக்கு வா. மால்டினி அடித்த அந்த முதல் நிமிடக் கோலுக்கு ஃப்ரீகிக் கொடுத்தது யார்? ட்ராவோரே. இடைவேளையில் பெனிடெஸ் அவரை வெளியே எடுக்க முடிவு செய்து, போய்க் குளிக்கச் சொல்லிவிட்டார். அவர் பூட்ஸைக் கழற்றத் தொடங்கிவிட்டார். அதற்குள் அணியின் பிசியோதெரபிஸ்ட் வந்து ஃபின்னனுக்குக் காயம், அவரால் முடியாது என்றார். ட்ராவோரேயைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பர்ன்லி அவர் மனதில் வராமல் இருந்திருக்குமா? மறுபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். 70ஆவது நிமிடத்தில் டுடெக் கையிலிருந்து நழுவிய பந்தை ஷெவ்சென்கோ அடித்தபோது, கோட்டுக்குப் பக்கத்தில் நின்று வெளியே தள்ளியவர் அவர்தான். நான் மழையில் நனைந்து ஓடிவந்து கதவைத் திறந்தபோது பார்த்த காட்சி அதுதான்.

உன் காலில் பட்டது நீ அங்கே நின்றதால். பந்து வரும் இடத்தில் நிற்காதவனுக்கு அது படாது. உன் அணிக்காரர்களில் ஒருவனாவது உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடாதது அவர்கள் பிழை.

வருகிற மாதம் ஒரு சனிக்கிழமை நோர்வூட் பக்கம் வருகிறேன். பின்னேரம் நாலு மணிக்கு உங்கள் தோட்டத்து மைதானத்துக்குப் பூட்ஸோடு வா. மழை என்றாலும் வா. உன் தோட்டத்தின் பெயரை ஆசிரியர் குழுவிடமிருந்து வாங்கிவிட்டேன்.